சோனகதெருவும் யாழ்ப்பாணமும்



சிறுபான்மையினர் என்ற சொல் காதில் விழுந்ததும் இலங்கைத் தமிழராகிய நாம் நம்மையே நினைத்துக்கொள்கிறோம். அது இயல்பானதே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம், 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் என்று நமது நினைவிலே நீண்டதொரு பட்டியல் இருக்கிறது. ஆனால் சிறுபான்மை என்பது எந்த இனத்துக்கும் கூடப் பிறந்த குணமன்று. அது எண்ணிக்கையினாலும் இடத்தினாலும் ஏற்படும் ஒரு நிலை. கொழும்பிலே சிறுபான்மையினராக நிற்பவர் கொடிகாமத்துக்கு வந்ததும் பெரும்பான்மையினராகிவிடுகிறார். அப்போது அவருக்கு அருகிலே வேறொருவர் சிறுபான்மையினராக நிற்கிறார். நமது ஊரிலே அப்படி நின்றவர்கள் யார், அவர்களோடு நாம் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதை இன்றைய உரையிலே நோக்குவோம்.

யாழ்ப்பாண நகரிலே மானிப்பாய் வீதியை அண்டி ஐந்துசந்தி என்றோர் இடம் உண்டு. அதனைச் சூழ்ந்த பகுதியே சோனகதெரு. பெரிய முகிதீன் ஜும்ஆப் பள்ளிவாசல், ஒஸ்மானியாக் கல்லூரி, கதீஜா மகளிர் கல்லூரி, ஜின்னா மைதானம், காதி அபூபக்கர் வீதி ஆகியன அங்கேதான் உள்ளன. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்து மக்களில் முஸ்லிம்கள் நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கும் குறைவானவர்களே. எனினும் நகரின் அன்றாட வாழ்க்கையிலே அவர்கள் வகித்த இடம் அந்த வீதத்தைவிட மிகப் பெரியது. கலியாணத்துக்குச் சட்டை தைக்க வேண்டுமானால் முஸ்லிம் தையற்காரரிடம் போனார்கள். வீடு கட்ட ஆணியும் கம்பியும் வேண்டுமானால் நானாவின் இரும்புக்கடைக்குப் போனார்கள். இறைச்சிக்கடை, பழைய இரும்பு வியாபாரம், லொறி உதிரிப்பாகம் என்று நகரின் பல தொழில்கள் அவர்களின் கையிலே இருந்தன. 1955ஆம் ஆண்டிலே எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் பெருமகன் யாழ்ப்பாண மாநகர முதல்வராகவும் இருந்தார்.

இவர்கள் எப்போது இங்கு வந்தார்கள்? ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இதுபற்றி ஒரு கதை கூறுகிறது. சோனகர்கள் முதலிலே தென்மராட்சியில் மிருசுவில், உசன் ஆகிய பகுதிகளிலே குடியிருந்து பின்னர் நல்லூருக்கு வந்தார்கள். அங்கே அவர்கள் இருப்பதை விரும்பாத அயலவர்கள், அவர்களுடைய கிணறுகளிலே இரவோடிரவாகப் பன்றி இறைச்சியைப் போட்டுவிட்டார்கள். அந்த நீரைத் தொட முடியாமல் சோனகர்கள் நல்லூரை விட்டகன்று, நாவாந்துறைக்குக் கிழக்கே வந்து குடியேறினார்கள். இதுவே அந்தக் கதையின் சாரம். அதன் ஒவ்வொரு விபரமும் வரலாறு என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய புலவர் ஒருவரே, நம்முடைய பழைய வரலாற்று நூலிலே, அயலவரைக் கிளப்பிய கதையை மறைக்காமல் எழுதிவைத்தார் என்பது கவனத்துக்குரியது.

அதே நல்லூரிலே இன்னொரு கதையும் வழங்குகிறது. கந்தசுவாமி கோயில் இப்போது அமைந்திருக்கும் இடத்திலே முஸ்லிம் பெரியார் ஒருவரின் சமாதி இருந்தது என்றும், அதனால் கோயிலுக்கு அருகே கற்பூரம் விற்கும் உரிமை முஸ்லிம்களுக்கு இருந்தது என்றும் முதியவர்கள் சொல்லுவார்கள். ஒரே ஊரிலே கிணற்றை மாசுபடுத்திய கதையும் இருக்கிறது, கற்பூரம் விற்ற கதையும் இருக்கிறது. நாம் இரண்டாவதை மேடைகளிலே சொல்கிறோம். முதலாவதைச் சொல்வதில்லை. வரலாறு கற்பிப்பவன் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, இலக்கியத்தின் பக்கம் வருவோம். நான் இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிப்பவன். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தமிழ்க் காப்பிய வரிசையிலே வைத்து மாணவருக்கு விளக்குகிறோம். ஆனால் சீறா பாடப்பட்ட மரபு நமது நகரிலேயே வாழ்ந்தது என்று வகுப்பிலே சொன்னால் மாணவர்கள் வியப்போடு பார்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிறந்த யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவர், திருப்புகழ், அந்தாதி முதலிய மரபு வடிவங்களிலே இஸ்லாமியப் பொருளைப் பாடினார். சைவரும் கிறிஸ்தவரும் கண்டனப் பிரசுரங்களால் மோதிக்கொண்ட காலத்தை அடுத்து, அதே நகரிலே ஒரு முஸ்லிம் புலவர் அந்தாதித் தொடைக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார் என்பதை நம்முடைய இலக்கிய வரலாற்று நூல்கள் போகிறபோக்கிலே ஓரிரு வரிகளிற் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

அடுத்து நாம் நினைக்க வேண்டியவர் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பிறந்த இவர், வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். இலங்கைச் சிவில் சேவையிலே சேர்ந்த முதல் முஸ்லிம் இவரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது சுவாமி விபுலானந்தரோடு நெருங்கிப் பழகினார். 1948 முதல் 1961 வரை கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். அரபு எழுத்தையும் இஸ்லாமியப் பண்பாட்டையும் முஸ்லிம் மாணவர் அறிய வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். அதே வேளை, இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதிலும் உறுதியாக நின்றார். தனிச்சிங்களச் சட்டத்தைச் செனற் சபையிலே எதிர்த்தார். இலங்கையில் இஸ்லாம், மிஸ்ரின் வசியம், தமிழ் யாத்திரை முதலிய நூல்களைத் தமிழிலே எழுதினார். முழு முஸ்லிமாக இருந்துகொண்டே முழுத் தமிழ் எழுத்தாளராகவும் இருக்கலாம் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொள்வது நமது தலைவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. 1888ஆம் ஆண்டிலே, சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறானவர் என்பது அவர் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது அணைத்துக்கொள்ளும் வாதம் போலத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துச் சூழலை நோக்க வேண்டும். சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி அப்போது எழுந்திருந்தது. நீங்களும் நாங்களும் ஒன்றே என்று சொன்னால், உங்களுக்காகவும் நாங்களே பேசுவோம் என்பது அதன் மறுபக்கம் ஆகிவிடுகிறது. சோனகர்கள் அதை அவ்வாறே விளங்கிக்கொண்டார்கள். 1889இலே அவர்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907இலே ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், இராமநாதனின் கட்டுரைக்கு விரிவான மறுப்பு ஒன்றை நூலாக வெளியிட்டார். 1915ஆம் ஆண்டு சிங்கள - முஸ்லிம் கலவரத்தின் பின்னர், சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் உரத்துக் குரல் கொடுத்தபோது, கடைகளையும் உயிர்களையும் இழந்திருந்த முஸ்லிம்களின் மனம் மேலும் புண்பட்டது.

இது முதலாவது தவறு. அயலவனை நம்மவன் என்று சொல்லி, அவனுடைய வேறுபாட்டை மறுப்பது. நூற்றிரண்டு ஆண்டுகளின் பின்னர் இரண்டாவது தவறு நேர்ந்தது. அது முதலாவதைவிடப் பன்மடங்கு கொடியது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று ஒவ்வோர் இடமாக நடந்த அந்த வெளியேற்றம், ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகருக்கு வந்தது. காலையிலே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முஸ்லிம்கள் மைதானத்திலே கூட வேண்டும் என்றார்கள். கூடியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். கையிலே சில நூறு ரூபாவும் மாற்றுடுப்பும் கொண்டுசெல்லலாம் என்பதே கட்டளை. போகும் வழியிலே சோதனை செய்து பெண்களும் பிள்ளைகளும் அணிந்திருந்த நகைகளையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த மாதத்திலே வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே கிடுகுக் கொட்டில்களில் அகதிகளாயினர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் ஓடுகளும் மரங்களும் கழற்றப்பட்டன. கதவு நிலைகள் இருந்த இடங்களிலே எருக்கலை முளைத்தது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் காட்டிக்கொடுப்பு என்பது. அவ்வாண்டிலே கிழக்கு மாகாணம் எரிந்துகொண்டிருந்தது. ஓகஸ்ட் மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தவர்களும் ஏறாவூரிலே உறங்கிக்கொண்டிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்திலே வீரமுனை போன்ற இடங்களிலே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரு பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள். ஆனால் ஐந்துசந்தியிலே சட்டை தைத்துக்கொண்டிருந்தவர் கிழக்கிலே நடந்ததற்கு எவ்வகையிற் பொறுப்பாளி? ஒரு கூட்டத்திலே பிறந்ததே குற்றம் என்று கொள்ளும் நியாயம் 1983 யூலையிலே கொழும்புத் தெருக்களில் நமக்கு எதிராகப் பயன்பட்ட அதே நியாயமல்லவா? வாக்காளர் பட்டியலைப் பார்த்துத் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களும் தனித்தனி மனிதரைக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டார்கள்.

யாழ்ப்பாணச் சமூகம் அன்று என்ன செய்தது என்ற கேள்வி எழும். துப்பாக்கியின் முன்னே வாய் திறப்பது எளிதன்று என்பது உண்மை. ஆயினும் எல்லாரும் மௌனமாக இருந்துவிடவில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பினர் நடந்ததை எழுதிப் பதிவுசெய்தார்கள். கண்ணீரோடு அயலவரை வழியனுப்பிய தமிழர்களைப் பற்றி முஸ்லிம்களே நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவை விதிவிலக்குகள். இங்கே இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1981இலே நமது நூலகம் எரிந்தபோது அந்தத் துயரத்துக்கு நிலையான கவிதை வடிவம் தந்தவர் யார்? கல்முனைக்குடியிலே பிறந்து, அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஆசிரியராக இருந்த எம். ஏ. நுஃமான். அவருடைய புத்தரின் படுகொலை என்ற கவிதையைத் தமிழுலகம் முழுவதும் அறியும். நமது இழப்பை ஒரு முஸ்லிம் கவிஞர் தமது இழப்பாகவே கொண்டார். சோனகதெரு வெறிச்சோடியபோது அந்த இழப்பை நமது இழப்பாகப் பாடிய குரல்கள் மிகச் சிலவே.

வரலாற்றிலே சில திகதிகள் நம்மைத் திகைக்க வைக்கின்றன. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஐந்தாண்டுகள் கழிந்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே இடம்பெயர்ந்தார்கள். மழையிலே, நாவற்குழிப் பாலத்தின் ஊடாக, கையிலே அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்த அந்த இரவை நமது தலைமுறை மறக்காது. இதைச் செய்த பாவத்தின் பலன் என்று சொல்லுவோர் உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். பாலத்திலே நடந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எந்தப் பாவத்திலும் பங்கில்லை. ஆனால் அந்த இரவு நமக்கு ஓர் அறிவைத் தந்தது. வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிலே கட்டிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்பதை நாம் அறிந்துகொண்டோம். அறிந்த பிறகும் மற்றவனின் திறப்பை நினைக்காவிட்டால் அந்த அறிவால் என்ன பயன்?

2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிளிநொச்சியிலே நடந்த பத்திரிகையாளர் மாநாட்டிலே, வெளியேற்றம் ஒரு தவறு என்பதை விடுதலைப் புலிகளின் சார்பிலே அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. பாதை திறந்தது. முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று ஆயிற்று. ஆனால் திரும்பி வருவது சட்டத்தினால் மட்டும் நிறைவேறும் காரியமாக இருக்கவில்லை. 1990இலே ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கைந்து குடும்பங்களாகப் பெருகியிருந்தார்கள். சோனகதெருவின் சின்னஞ்சிறு காணித் துண்டுகள் அத்தனை பேருக்கும் போதவில்லை. வீட்டுத்திட்டத்துக்குக் காணி உறுதி கேட்டார்கள். காணி இல்லாதவர்கள் என்ன செய்வது? பிள்ளைகள் புத்தளத்துப் பாடசாலைகளிலே படித்துக்கொண்டிருக்க, தகப்பன் மட்டும் இங்கு வந்து கடை திறந்தால், குடும்பம் இங்கே இல்லையே என்று பதிவை மறுத்தார்கள். குடும்பத்தோடு வந்தால் தொழில் இல்லை. இவ்வாறு வந்தும் வராமலும் பலர் இரண்டு ஊர்களுக்கும் நடுவே வாழ்ந்தார்கள்.

இதிலே மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. புத்தளத்திலே அவர்களை யாழ்ப்பாணத்து அகதிகள் என்றார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பெயர் முற்றாக மாறவில்லை. இங்கே திரும்பி வந்தால் புத்தளத்து ஆட்கள் என்கிறார்கள். கொட்டிலிலே பிறந்த பிள்ளையின் பேச்சிலே புத்தளத்து வாடை கலந்திருப்பதைக் கேட்டு, இவர்கள் நமது ஊரவரா என்று ஐயப்படுவோரும் இருக்கிறார்கள். பாட்டனாரோ, என்ன மோனை, எங்கை போறாய் என்று அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழிலே பேசுகிறார். பேரனின் பேச்சு மாறியது அவன் செய்த குற்றமா? புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலே பிறந்த நமது பிள்ளை தமிழே பேசாமல் வந்து இறங்கினாலும், அவன் யாழ்ப்பாணத்தான் என்று மாலை போட்டு வரவேற்கிறோமே! நூற்றைம்பது மைல்களுக்குள்ளே வளர்ந்து தமிழே பேசும் பிள்ளைக்கு அந்த உரிமை எப்படி இல்லாமற் போகும்?

நேயர்களே, இந்த வரலாற்றை எல்லாம் தொகுத்து நோக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. 1888இலே, நீ நாமே என்று சொல்லி அயலவனின் தனித்துவத்தை மறுத்தோம். 1990இலே, நீ வேறு என்று சொல்லி அவனுடைய ஊரை மறுத்தார்கள். இரண்டுக்கும் அடியிலே இருப்பது ஒரே எண்ணந்தான். ஒருவனுக்கு இந்த ஊரிலே உரிமை வேண்டுமானால் அவன் நம்மைப் போல இருக்க வேண்டும் என்ற எண்ணம் அது. முதலாமவர் அவன் நம்மைப் போன்றவனே என்று வாதித்தார். பின்வந்தவர்கள் அவன் நம்மைப் போன்றவனல்லன் என்று தீர்த்தார்கள். ஆனால் ஊருரிமை ஒற்றுமையிலிருந்து பிறப்பதில்லை. அது வாழ்ந்ததிலிருந்து பிறக்கிறது. ஒருவன் உழைத்த கடை, அவன் கட்டிய பள்ளிவாசல், அவன் பாட்டனைப் புதைத்த மையவாடி, அவன் பாடிய அந்தாதி ஆகியவையே அவனுடைய உறுதிகள். வேறு உறுதி கேட்பது நியாயமாகாது. கொழும்பிலே நமக்காக நாம் கேட்டதும் இதைத்தானே? சிங்களவரைப் போல ஆகாமலே இந்த நாட்டிலே சமமாக வாழ உரிமை வேண்டும் என்று கேட்டோம். அந்தக் கோரிக்கை நமக்கு மட்டும் உரியது என்றால் அது நீதியாகாது, வெறும் சுயநலமாகிவிடும்.

வீடும் காணியும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதை வற்புறுத்துவது நமது கடமை. ஆனால் அரசாங்கத்தால் கொடுக்க முடியாத ஓர் இடமும் உண்டு. அது நமது நினைவிலே உள்ள இடம். யாழ்ப்பாண வரலாறு என்று எழுதும்போது முஸ்லிம்களைக் கடைசி அத்தியாயத்திலே பின்னிணைப்பாக ஒட்டாமல், நகரத்தின் கதையோடு சேர்த்து எழுத வேண்டும். ஈழத்து இலக்கிய வரலாற்றைக் கற்பிக்கும்போது நாவலரையும் பாவலர் துரையப்பாபிள்ளையையும் சொல்லும் அதே மூச்சிலே அசனாலெப்பைப் புலவரையும் சொல்ல வேண்டும். இந்துக் கல்லூரி மாணவனுக்கு, இந்தக் கல்லூரி மரபிலே படித்தவர்களுள் ஒருவர்தான் அறிஞர் அஸீஸ் என்று பெருமையோடு சொல்ல வேண்டும். ஒக்டோபர் 30ஆம் திகதி வரும்போது 1995ஐ நினைப்பவர்கள் 1990ஐயும் நினைக்க வேண்டும். இவற்றுக்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஐந்துசந்தியிலே இப்போது மீண்டும் சில தையற்கடைகளின் இயந்திர ஓசை கேட்கிறது. பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுகிறது. பாதி இடிந்த சுவர்களுக்கு நடுவே புதிய சுவர்கள் எழும்பியிருக்கின்றன. அந்த வழியாகப் போகும் நமது பிள்ளைகள், இங்கே புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று எண்ணக்கூடாது. இந்த ஊரவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டு போக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எழுதுகிறவருக்கும் உண்டு.